பதினெட்டுக் குழி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே 'குழி' என்பது ஒரு நில அளவு. மேட்டுநிலக் கணக்கில் 18 குழி கொண்டது ஒரு பரப்பு. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். உடுவிலிற் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே மனத்திற் பதிந்துவிடும் கணக்கு இது. சீதனம் பேசும் வீட்டிலும், எல்லை வேலியைப் பற்றிப் பிணக்குறும் ஒழுங்கையிலும் இக்கணக்கே காதில் விழும். ஆதலால், நுவரெலியாவிலே பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு என மாமா சொன்னபொழுது, நான் முதலில் எண்ணியது ஒரு பரப்புக் காணியைத்தான். கோல்ஃபில் ஒரு குழியென்பது சில நூறு மீற்றர் நீளமான புல்வெளி என்பதும், அதன் முடிவிலுள்ள உண்மையான குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர் மட்டுமே என்பதும், பதினெட்டும் அமைவதற்கு நூறு ஏக்கர் அளவு நிலம் வேண்டும் என்பதும் பின்னர் அறிந்தவை. நூறு ஏக்கரை எங்கள் கணக்கில் 1,600 பரப்பு என்று மாற்றிப் பார்த்தேன். அவ்வளவு நிலத்தை ஒருசேர எங்கள் பகுதியில் நான் கண்டதில்லை.

மாமா 1980களில் நாட்டைவிட்டு நீங்கி ரொறன்ரோவிற் குடியேறியவர். ஓய்வு பெற்ற பின் அங்கே கோல்ஃப் பழகிக்கொண்டார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவருக்காக உறவினர் யாவரும் நல்லூர், கீரிமலை, நயினாதீவு எனப் பயணங்களை வகுத்திருக்க, அவரோ, "எனக்கு நுவரெலியாவில ஒருநாள் விளையாட வேணும்" என்றார். வீட்டில் எவருக்கும் அது விளங்கவில்லை. "அங்கை என்ன கோயில் இருக்கு?" என்று அம்மம்மா கேட்டார். சீதாஎலியவிலே சீதையம்மன் கோயில் இருக்கிறதென்று நான் சொல்லியதன் பின்னரே அவர் மனம் ஆறினார். மாமாவுக்குத் துணையாக நானும் புறப்பட்டேன்.

கோல்ஃப் ஸ்கொத்லாந்து மக்களின் ஆட்டம். 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் இதனையும் உதைபந்தாட்டத்தையும் தடைசெய்தது. இளைஞர் வில்வித்தைப் பயிற்சியை மறந்து இவற்றிலே பொழுதைக் கழித்தனர் என்பது காரணம். தடையை மக்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அம்மக்கள் இதனை ஆடிய நிலம் எத்தகையது என்பது மனங்கொள்ளத்தக்கது. கடலோரத்து மணல்மேடுகளுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட, ஏர் பிடிக்க உதவாத, ஆடுகள் மேய்ந்த புற்றரையே இவ்விளையாட்டின் தொட்டில். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டை ஒத்த இடம் என்று கொள்ளலாம். எவர்க்கும் பயன்படாத நிலத்தில் ஆடு மேய்ப்பவனும் அரசனும் ஆடிய ஆட்டம், பிரித்தானியர் கப்பலேறி வேற்று நாடுகளுக்குச் சென்றபொழுதுதான் நல்ல நிலத்தைத் தேடத் தொடங்கியது. கல்கத்தாவில் 1829இலும், கொழும்பில் 1879இலும், நுவரெலியாவில் 1889இலும் கழகங்கள் எழுந்தன. ஒரு பொருத்தத்தையும் இங்குக் குறிப்பிடலாம்: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாட்டத்தின் விலையுயர்ந்த இறகுப் பந்தை நீக்கி, அதனைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது மலாயாக் காட்டு மரமொன்றின் பாலிற் செய்த பந்து. எங்கள் ஊரவர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் மலாயாவுக்குப் போன கதை நமக்குத் தெரியும். அந்த நாட்டு மரத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் இருந்த தொடர்பு அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

நுவரெலியாவுக்குச் செல்வோர் கிறெகரி வாவியில் படகேறுவர்; விக்ரோரியாப் பூங்காவில் படம் பிடிப்பர்; ஹக்கலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்புவர். நகரின் நடுவிலேயே கிடக்கும் கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. நாட்கட்டணம் செலுத்தி, மட்டைகளை வாடகைக்குப் பெற்று, வெளியார் எவரும் அங்கு ஆடலாம் என்பது பலருக்குத் தெரியாது. கோல்ஃப் உலகிலும் இதற்குப் பெரும்புகழ் இல்லை. இலங்கை என்றால் அவ்வுலகத்தார் கொழும்பு மைதானத்தையே சுட்டுவர். களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அதன் ஊடாகச் செல்வது அவர்களுக்கு ஒரு புதுமை.

காலை ஏழு மணிக்கு நாங்கள் அங்கு நின்றோம். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர் உடுவிற்காரியின் உடம்புக்குப் புதிது. நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய 2,524 மீற்றர்ப் பீதுருதாலகாலை மூடுபனிக்குள் இருந்தது. முதலில் மரங்களின் நுனி தெரிந்தது, பின் அடிமரம், அதன்பின் புல். வெயில் சாய்வாக விழுந்தபொழுது புல்லின் ஒவ்வொரு தாளிலும் நீர்த்துளி இருந்தது. பச்சை என்ற ஒரே சொல்லால் அதனைச் சொல்லிவிட முடியாது. சைப்பிரஸ் மரத்தின் கரும்பச்சை, நீரோடைக் கரையின் மஞ்சட்பச்சை, குழியைச் சூழ்ந்து மயிர் வெட்டியது போலக் கத்தரித்த தரையின் வெளிர்பச்சை எனப் பல. எங்கள் ஊரின் பச்சை இவ்வாறானதன்று. செம்மண்ணிலே வெங்காயத் தாளும் புகையிலையும் மரவள்ளியும் பாத்தி பாத்தியாக நிற்கும் பச்சை அது. ஒவ்வொரு பச்சைக்கும் ஓர் உடையவரும் ஒரு விலையும் உண்டு. தோட்டத்துப் புல்லை எங்கள் வீட்டில் எவரும் அழகென்று சொல்லிக் கேட்டதில்லை. அது பிடுங்கப்பட வேண்டியது. விலையில்லாத, அறுவடையில்லாத பச்சையைக் கண்டு வெறுமனே நிற்பது எனக்குப் புதுமையாகவும், சொல்லப்போனால், சற்றுக் கூச்சமாகவும் இருந்தது.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்பொழுது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு அந்நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்துக் கூறும். தொழில் நீங்கிய நிலத்தை நம் பழைய இலக்கணக்காரர் நிலமாகவே எண்ணவில்லை போலும். குறிஞ்சி என்றால் தினைப்புனம் காப்பவர் அங்கு இருந்தாக வேண்டும். காலைப் பனியில் அப்புல்வெளியைப் பார்த்து நின்றபொழுது, இங்கே தினைப்புனம் காப்பவர் யார் என்ற கேள்வி என்னுள் எழுந்தது. அவர் எங்களுக்குப் பின்னாலேயே மட்டைப் பையுடன் நின்றிருந்தார்.

ஆடுவோரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் வருபவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். நம் மொழியில் இச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் கேட்கும் காதுக்கு அது நன்றாயில்லை. அங்கே அது கௌரவமான தொழிற்பெயராகவே வழங்குகிறது. எங்களுடன் வந்தவர் அறுபதைத் தாண்டியவர், ஒடிசலான உடல், கம்பளித் தொப்பி, முழங்கால்வரை நனைந்த காற்சட்டை. அருகிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்தவர்.

மாமா அவரிடம், "உமக்கு எத்தினை வருசம் இந்த வேலை?" என்று கேட்டார். அவரது முகத்தில் ஒரு கணம் தயக்கம் தோன்றி மறைந்தது. 'நீர்' என்பது எங்களூரில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் இடைப்பட்டது. ஆசிரியர் மாணவனையும், கணவன் மனைவியையும், சமவயதினர் ஒருவரையொருவரும் விளிக்கும் சொல். அதில் இழிவு இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மலையகப் பேச்சில் அச்சொல் வழக்கில் இல்லை. "நாப்பது வருஷத்துக்கு மேல, சார். எங்க அப்பாவும் இங்கதான். தொரைமாரு காலத்துல இருந்து" என்றார் அவர். அறுபது கடந்த இருவர். ஒருவர் 'நீர்' என்கிறார். மற்றவர் 'சார்' என்கிறார். சமூகவியல் விரிவுரையில் பல மணிநேரம் கேட்டதை நான் அங்கே இரு சொற்களிற் கேட்டேன்.

முதல் நான்கைந்து குழிகள் மாமாவுக்கு உவப்பாக அமையவில்லை. அவர் அடித்த பந்துகள் மரங்களுக்குள்ளும் ஓடைக்குள்ளும் சென்றன. கனடாவிலே அவர் ஆடும் மைதானம் அகன்றது. இதுவோ மரவரிசைகளால் இறுகிய, வளைந்து நெளிந்த பாதைகள் கொண்டது. உயரத்திற் காற்று மெலிந்திருப்பதால் பந்து அவர் கணித்ததைவிடத் தொலைவு சென்றது. இதனைக் கேடி முதலிலேயே சொல்லியிருந்தார்: "ஒரு நம்பர் கூட்டி எடுங்க சார், இங்க காத்து லேசு." மாமா கேட்கவில்லை. கைபேசியில் தூரம் அளக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது குழியில் மாமா எனக்கும் ஒரு மட்டையைத் தந்தார். கிட்டிப்புள் அடித்துப் பழகிய கைக்குக் கோல்ஃப் மட்டை முற்றிலும் அந்நியமன்று. பந்தை உயரத் தூக்கி அடிப்பது என்னால் இயலவில்லை. ஆனால் குழியருகே வந்து மெல்ல உருட்டும் பகுதி எனக்குப் பிடித்துக்கொண்டது. குழிக்கும் எனக்கும் இடையே நாலு பாகம் இருக்கும். தரை எனக்குச் சமமாகவே தோன்றியது. கேடி குந்தியிருந்து, உள்ளங்கையைத் தரைக்கு மேலே சற்று உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாக்க சமமா தெரியும் மகள். வாட்டம் எடது பக்கம். மலை எங்கன இருக்குன்னு மொதல்ல பாத்துக்கிறனும். பந்து மலைக்கு முதுகக் காட்டித்தான் ஓடும்."

'வாட்டம்' என்ற அச்சொல்லை அவ்விடத்திற் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் அப்பப்பாவின் சொல். உடுவிலில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் உயிர்பெறும் வழுக்கியாற்றை ஆறென்று சொல்வது ஓர் ஆசைதான். மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. அதனையே கிணறுகள் வழியாகப் பெறுகின்றோம். முன்னாளில் துலாவின் மேல் ஒருவர் ஏறி மிதிக்க, இன்னொருவர் பட்டையிலே நீரை அள்ளி ஊற்ற, மற்றொருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பிற்காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. தண்ணீர் மாறும் வேலை மட்டும் மாறவில்லை. அப்பப்பா புதிய தறை ஒன்றைக் கொத்தியதும் அதன் மூலையிற் குந்தியிருந்து கண்ணைத் தரையோடு தாழ்த்திப் பார்ப்பார். "வாட்டம் கிழக்கை இருக்கு. வாய்க்காலை மேற்கை வெட்டு" என்பார். ஒரு விரற்கடைச் சரிவையும் அவரது கண் தவறவிடாது. தவறவிட்டால் ஒரு மூலைப் பயிர் அழுகும். மறு மூலைப் பயிர் காயும். அதே குந்தல், அதே தாழ்ந்த கண், அதே சொல். அவற்றை நான் இந்தப் பனிமலையிற் கண்டேன். இடப்புறமாக ஒரு சாண் ஒதுக்கி உருட்டினேன். பந்து நேராகச் சென்று, இடையிலே ஏதோ நினைவு வந்ததுபோல வளைந்து, குழிக்குள் விழுந்தது.

'இடப்புறம் வாட்டம் என்றால் வலப்புறமன்றோ ஒதுக்க வேண்டும்?' என்று கூர்ந்து வாசிப்பவர் கேட்கலாம். குழிக்கு மறுபுறத்திலிருந்து பார்த்துச் சொன்னவரின் இடது, எனக்கு வலது. அவரே கையாற் சுட்டிக் காட்டியதால் நான் தப்பினேன்.

அதன்பின் மாமாவும் கைபேசியைப் பையில் வைத்துவிட்டார். "இதிலை எவ்வளவு விடவேணும்?" என்று கேட்கத் தொடங்கினார். எந்தக் குழியில் என்று நான் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்பதாவதைக் கடந்தபொழுது, "நீங்கள் சொல்லுங்கோ" என்று அவர் சொல்லியது என் காதில் விழுந்தது. கேடியும் அதனைக் கேட்டிருப்பார். 'சார்' என்பது மட்டும் மாறவில்லை.

நடை நீண்டது, பேச்சும் நீண்டது. அவருடைய தமக்கை 1970களில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இந்தியா போனவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு குடும்பத்தின் பிள்ளைகளில் யார் எந்தப் பங்கில் என்பது விண்ணப்பப் படிவத்தைப் பொறுத்தது. நாடற்ற நிலை முற்றாக நீங்கச் சட்டம் வந்தது 2003இல். தமக்கை நீலகிரியிலே மீண்டும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாராம். "அங்கயும் மலை, அங்கயும் குளிரு, அங்கயும் கொழுந்து. கடல் மட்டுந்தான் புதுசா பாத்தாளாம்" என்றார். உதகமண்டலத்திலும் வெள்ளையர் அமைத்த கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டென்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிற் படித்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இம்மக்களின் குடியுரிமைப் பறிப்பு முதன்மையான காரணங்களுள் ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் போகக்கூடிய தூரத்தில் உள்ள கல்லூரி அது. இதனை எங்களூரில் மேடைதோறும் பெருமையுடன் சொல்வார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்துவதையும் நான் கேட்டிருக்கிறேன். உடுவில் விவசாயிக்கும் நுவரெலியா விவசாயிக்கும் இடையே நெடுங்காலம் இருந்துவந்த உறவு உருளைக்கிழங்கு உறவுதான். சந்தையில் 'நுவரெலியாக் கிழங்கு', 'யாழ்ப்பாணக் கிழங்கு' என்று இரு குவியல்கள் இருக்கும். எது சுவை என்று வாதிடுவோம். மனிதரைப் பற்றி அந்த அளவுக்குக்கூட வாதிட்டதில்லை.

பன்னிரண்டாவது குழியை முடித்துவிட்டு, அடுத்த குழு முன்னே செல்வதற்காகக் காத்து நின்றபொழுது, எங்களூர்க் குழிக் கணக்கை அவருக்குச் சொன்னேன். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச். அவர் ஆர்வத்தோடு கேட்டார். பிறகு கேட்டார்: "அப்ப ஏழு பேர்ச்சுக்கு எத்தன குழி மகள்?"

ஏழு பேர்ச் என்பது மலையகத்திற் பொருளற்ற எண்ணன்று. 2015ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வீடமைப்புத் திட்டத்தின்படி ஒரு தோட்டக் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட காணியின் அளவு அது. தேயிலை பயிராகத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதனைப் பயிராக்கியவரின் வழிவந்தவருக்குக் கிடைத்த உறுதியின் அளவு. கிடைத்தவர்கள் சிலர், காத்திருப்பவர்கள் பலர். அவர் வீட்டாரின் பெயரை எழுதிச் சென்றிருக்கிறார்கள் என்றும், லயம் இன்னும் அதே லயந்தான் என்றும் முன்பே சொல்லியிருந்தார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

"பன்னிரண்டரைக் குழி, ஐயா. கொஞ்சம் கூட வரும்."

அவர் திரும்பி, நாங்கள் முடித்துவந்த பன்னிரண்டாவது குழியின் கொடியைப் பார்த்தார். முன்னே பதின்மூன்றாவதன் கொடியைப் பார்த்தார். "அப்ப நம்ம காணி இதோ இந்த எடத்துல முடியுது" என்று சொல்லிச் சிரித்தார். மாமாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ரொறன்ரோ வீட்டின் புற்றரையைப் படம் காட்டுவதற்காக அவர் கைபேசியை எடுத்திருந்தார். அதனை மீண்டும் பைக்குள் இட்டார்.

எஞ்சிய குழிகளைப் பற்றி எழுத அதிகமில்லை. பதினைந்தாவதில் மாமா மிக நன்றாக ஆடினார். அன்றைக்கு அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. வழியிலே கேடி எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆறில்லாத நாட்டில் எப்படிப் பயிர் செய்கிறீர்கள்? கிணறு எத்தனை அடி? உப்பு ஏறாதா? கோடையில் எத்தனை மணிநேரம் இறைத்தால் நீர் கலங்கும்? நான் அறிந்தவரை சொன்னேன். இவ்வளவு நுணுக்கமாக உடுவிலைப் பற்றி என்னிடம் கேட்டவர் பல்கலைக்கழகத்தில் எவரும் இல்லை. அவர் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. அவருடைய அண்ணன் குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியதாம். அதற்கு வடக்கே எதுவும் தெரியாது என்றார்.

பதினெட்டாவது குழியை அடைந்தபொழுது மலையிலிருந்து மழை இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த மழையைப் பார்த்து, எங்கள் தோட்டத்தில் இது பெய்தால் என்று நான் எண்ணாமல் இருக்கவில்லை. மாமாவின் கடைசி உருட்டல். அவர் குழிக்குப் பின்னே போய், முழங்கால் வலியையும் பாராது குந்தியிருந்து, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். "வலப்பக்கம் வாட்டம், என்ன?" என்று கேட்டார். கேடி மட்டைகளை எண்ணிப் பையிலிட்டுக் கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, "சரியா சொல்லிட்டீங்க சார். ஆனா புல்லு நனைஞ்சிருச்சு. இனி கொஞ்சம் அழுத்தித் தட்டணும்" என்றார்.